சொந்த ஆள், சொந்த நிலம்

2018 ஜூலை 4 அன்று மத்திய அமைச்சரவை சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 1,750 ரூபாய் என்று குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவித்தது. முந்தைய ஆண்டைவிட 200 ரூபாய் அதிகம். அந்த ஆண்டு பிப்ரவரியில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி தம் பட்ஜெட் உரையில், வரும் பருவத்திலிருந்து உற்பத்திச் செலவைப்போல் ஒன்றரை மடங்காவது விலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். சொன்னது நடந்தது. வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் நெல்லுக்குக் கண்ட செலவு 1,166 ரூபாய். அதில் ஒன்றரை மடங்கு 1,749. அரசு ஒரு ரூபாய் சேர்த்தே கொடுத்தது.

அதே ஆணையத்தின் அதே ஆண்டுக் கணக்கில் அதே நெல்லுக்கு இன்னொரு செலவும் இருந்தது: 1,560 ரூபாய். அதில் ஒன்றரை மடங்கு 2,340. இரண்டு எண்ணுமே சரியானவை. இரண்டும் ஒரே பதிவேடுகளிலிருந்து, ஒரே அலுவலர்களால் கூட்டி எடுக்கப்பட்டவை. ஒன்றில் பொய் கலந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. உழவரிடம் ஏற்கெனவே இருப்பதை, விலை கொடுத்து வாங்காமல் அவர் வயலில் போட்டதை, செலவு என்று எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வியில்தான் குவிண்டாலுக்கு 590 ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தது.

சாகுபடிச் செலவை நம் நாட்டில் எழுத்துகளால் குறிப்பார்கள். விதை, உரம், பூச்சிமருந்து, டிராக்டர் வாடகை, நடவுக்கும் களைக்கும் வந்த ஆட்களின் கூலி, நிலவரி, கருவிகளின் தேய்மானம், கைமுதலுக்கு வட்டி ஆகியவை ஏ1. குத்தகை கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து ஏ2. வீட்டில் உள்ளவர்கள் வயலில் பார்த்த வேலைக்கும் ஒரு கூலியைப் போட்டால் அது ஏ2 கூட்டல் எஃப்.எல். ஜேட்லியின் ஒன்றரை மடங்கு இதன்மேல் போட்டது. இதற்கும் மேலே போய், சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ அந்தத் தொகையையும், கிணறு, மோட்டார், கருவி என்று முடக்கிய சொந்த முதலுக்கு வட்டியையும் கூட்டினால் சி2. விவசாய சங்கங்கள் கேட்பது இது.

இந்த எழுத்துகளுக்குள் சில வேடிக்கைகள் உண்டு. சொந்த மாட்டின் உழைப்புக்கு ஏ1-லேயே மதிப்புப் போட்டுவிடுகிறார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு பின்னால் போகும் சொந்த மனிதர் அடுத்த எழுத்துக்கு அப்பால் காத்திருக்க வேண்டும். சி3 என்றும் ஒன்று உண்டு. எதை எப்போது விதைப்பது, எதை எப்போது விற்பது என்று முடிவெடுக்கும் நிர்வாகத்துக்காக மேலும் பத்து சதவீதம் சேர்ப்பது. அதைக் கேட்டு யாரும் சாலையில் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. தம்மை நிர்வாகி என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் நம் உழவர்களுக்கு இன்னும் வரவில்லை போலும்.

இந்தக் கணக்கை எடுப்பதில் அரசுக்கு இருக்கும் சிரத்தையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. விலை ஆணையம் 1965-ல் எம்.எல். தாந்த்வாலா தலைமையில் தொடங்கியது. செலவு ஆய்வுக்கென்றே ஒரு விரிவான திட்டம் 1970-71 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் நடத்துகிறது. ஒரு களப்பணியாளர் ஒரு கிராமத் தொகுதியிலேயே தங்கியிருந்து பத்து விவசாயிகளின் கணக்கை எழுதுவார். நில அளவைப் பொறுத்து ஐந்து வகை, வகைக்கு இருவர். இன்று அண்டை வெட்டியது யார், எத்தனை மணி நேரம். தண்ணீர் கட்டப் போனது யார். களையெடுக்க வீட்டிலிருந்து எத்தனை பேர், வெளியிலிருந்து எத்தனை பேர் என்று ஆண்டு முழுக்கப் பதிவு நடக்கும். உழவரின் பகல் பொழுதை மணிக்கணக்கில் எழுதி வைக்கும் அந்த நோட்டுக்கு உரிய சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடும்.

இதே அளவு சிரத்தையோடு இதே வேலையைச் செய்தவர்கள் முன்பு ஒரு நாட்டில் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ரஷ்யாவில் ஜெம்ஸ்த்வோ என்ற வட்டார மன்றங்கள் புள்ளிவிவரக்காரர்களை ஊர் ஊராக அனுப்பின. ஒரு குடியானவக் குடும்பத்தில் எத்தனை வாய், எத்தனை கை, எவ்வளவு நிலம், எவ்வளவு தானியம் வீட்டில் தின்றது, எவ்வளவு சந்தைக்குப் போனது, குளிர்காலத்தில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதிக் குவித்தார்கள். மலைபோல் சேர்ந்த அந்தக் காகிதங்களைப் படித்து அவற்றிலிருந்து ஒரு கேள்வியை எடுத்தவர் அலெக்சாந்தர் சயானோவ். 1888-ல் மாஸ்கோவில் பிறந்தவர். பின்னாளில் அங்கே வேளாண் பொருளியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் இயக்குநர்.

தன் நிலத்தில் தானே உழைக்கிறவனுக்குக் கூலி என்ன? சயானோவின் விடை, கூலியே கிடையாது என்பது. கூலி என்று ஒன்று இல்லாதபோது லாபம் என்றும் ஒன்று இல்லை. ஆண்டு முடிவில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததில் வெளியே கொடுத்தது போக மீதி எவ்வளவு என்பதுதான் குடும்பத்துக்குத் தெரியும். அந்த மீதியில் எது உழைப்புக்கு, எது நிலத்துக்கு, எது முதலுக்கு என்று பிரித்துக் காட்டுவது கணக்கரின் கற்பனை. குடும்பம் எடைபோடுவது வேறு இரண்டை: இன்னும் கொஞ்சம் உழைத்தால் எத்தனை வயிறு நிறையும், இன்னும் கொஞ்சம் உழைத்தால் உடம்பு எவ்வளவு நோகும். சிறு பிள்ளைகள் அதிகமாகவும் உழைக்கும் கைகள் குறைவாகவும் உள்ள வீட்டில் ஒவ்வொரு கையும் கூடுதலாக வேலை செய்வதை அவர் பட்டியல் போட்டுக் காட்டினார்.

அதிலிருந்து அவர் போன இடங்கள்தான் இன்றும் நம்மைத் தொடுகின்றன. ஓட்ஸ் விதைத்தால் ஒரு நாள் உழைப்புக்கு வருவது அதிகம். நாருக்காக வளர்க்கும் ஆளிச்செடியில் ஒரு நாள் உழைப்புக்கு வருவது குறைவு. ஆனால் அதில் வேலை நாள்கள் ஏராளம், அதே நிலத்தில் மொத்தமாக வருவதும் அதிகம். நிலம் குறைந்த குடும்பம் ஆளியையே விதைத்தது. முதல் போட்டுப் பண்ணை நடத்துகிறவன் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று விட்டுவிடும் இடத்தில் குடியானவன் தொடர்ந்து உழைத்தான். குத்தகைக்கு நிலம் கிடைத்தால், பெரிய பண்ணை கொடுக்கக்கூடியதைவிடக் கூடுதலான தொகையை ஏழைக் குடும்பம் கொடுத்தது. லாபம் வரும் என்று அல்ல. வீட்டில் சும்மா இருக்கும் கைகளுக்கு வேலை கிடைக்கும் என்று. இதை அவர் தன்னைத்தானே சுரண்டிக்கொள்வது என்றார். காவிரிப் படுகையில் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று வாய்மொழிக் குத்தகை பேசி, மழை வந்தாலும் போனாலும் அந்த மூட்டையை அளக்கிற குத்தகைதாரரைப் பார்த்தவர்களுக்கு இது ரஷ்யக் கதையாகத் தோன்றாது.

1920-ல் புனைபெயரில் ஒரு குறுநாவலும் எழுதினார். 1984-ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடப்பது. உழவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள். இருபதாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரங்களைச் சட்டம் போட்டுக் கலைத்துவிட்டிருக்கிறார்கள். கற்பனைதான். ஆனால் பத்தாண்டுகளில் அரசியல் காவல்துறை அவரைவிட வளமான கற்பனையோடு வந்தது. 1929 டிசம்பரில் ஸ்டாலின் வேளாண் அறிஞர்கள் மாநாட்டில் பேசும்போது, சயானோவ் போன்றவர்களின் கோட்பாடுகள் இன்னமும் எப்படித் தடையில்லாமல் உலவுகின்றன என்று வியந்தார். அடுத்த ஆண்டு சயானோவ் கைதானார். உழைக்கும் உழவர் கட்சி என்ற ரகசியக் கட்சியின் தலைவர்களில் ஒருவர் என்பது குற்றச்சாட்டு. அப்படி ஒரு கட்சியே இருந்ததில்லை. சிறை, பிறகு அல்மா-அத்தாவுக்கு நாடுகடத்தல், 1937 அக்டோபர் 3-ல் சுட்டுக் கொலை. குற்றமற்றவர் என்று அரசு ஒத்துக்கொண்டது 1987-ல். அவரது நாவலின் ஆண்டைத் தாண்டி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியானவனின் சொந்த உழைப்புக்கு விலை போட முடியாது என்று சொன்னவரை அந்த அரசு கொன்றது; பிறகு கூட்டுப் பண்ணைகளில் அந்த உழைப்புக்குக் கிட்டத்தட்ட விலையே போடாமல் தானியத்தை எடுத்துக்கொண்டது.

சயானோவின் முதன்மை நூல் ஆங்கிலத்தில் வந்தது 1966-ல். பதிப்பாசிரியர்களில் ஒருவர் டேனியல் தார்னர். கம்யூனிஸ்ட் வேட்டை நாள்களில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பெயர்களைச் சொல்ல மறுத்துப் பல்கலைக்கழக வேலையை இழந்து, 1960 வரை இந்தியாவிலேயே தங்கி நம் கிராமங்களின் நிலவுடைமையையும் கூலியையும் ஆராய்ந்தவர். இரண்டு வல்லரசுகளும் தங்கள் வேளாண் ஆய்வாளர்களிடம் தங்களால் முடிந்தபடி நடந்துகொண்டன. ஒன்று சுட்டது, மற்றது சம்பளத்தை நிறுத்தியது என்ற வேறுபாடு சிறியதல்ல.

இந்தியாவில் அந்தக் கேள்வி சயானோவைப் படிக்காமலே எழுந்தது. 1954-55 முதல் திட்டக் குழுவின் ஆதரவில் ஆறு மாநிலங்களில் பண்ணை நிர்வாக ஆய்வுகள் நடந்தன. சென்னை மாநிலத்தில் சேலமும் கோவையும். அந்தத் தொகுதிகளைப் படித்த அமர்த்தியா சென், 1962 பிப்ரவரியில் பம்பாயிலிருந்து வெளிவந்த எகனாமிக் வீக்லியில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். குடும்ப உழைப்புக்கு நடப்புக் கூலியைப் போட்டால் இந்திய விவசாயத்தின் பெரும்பகுதி நட்டத்தில் நடக்கிறது. நிலம் பெரிதாகப் பெரிதாக அந்தக் கணக்கில் லாபம் கூடுகிறது. ஆனால் ஏக்கருக்கு விளைச்சல் மதிப்பு சிறிய நிலத்தில்தான் அதிகம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நாம் முன்பே சொல்லிவிட்டோமே என்று இங்கே பெருமைப்படத் தோன்றும். பழமொழி அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கணக்குப் பார்க்காதே என்று மறைமுகமாகப் புத்தியும் சொல்கிறது. சென் மேலே கேட்டார்: நட்டம் என்றால் ஏன் இத்தனை கோடிப் பேர் விடாமல் செய்கிறார்கள்? அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்பது விடையல்ல. வெளியே போனால் அந்தக் கூலிக்கு அத்தனை நாளும் வேலை கிடைக்கும் என்ற நிலை இல்லாதபோது, அந்தக் கூலியை அவர்கள் உழைப்பின் விலையாகப் போட்ட கணக்குதான் தவறு. நட்டம் இருந்தது நிலத்திலல்ல, அட்டவணையில்.

இது ஆழமான விடை. ஆபத்தான விடையும்தான். வேறு வேலை கிடைக்காதவனின் உழைப்புக்கு விலை சுழி என்று பொருளியலாளர் சொல்வது ஒரு விளக்கம். அதையே விலை நிர்ணயிக்கும் மேசையில் உட்கார்ந்து ஒருவர் சொன்னால் அது கொள்கை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எந்தப் பாடநூலும் கவனமாக அளந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சொந்த உழைப்பு என்று பொதுவாகச் சொல்லும்போது அதற்குள் இன்னொரு படிநிலை மறைந்திருக்கிறது. பழைய பண்ணை ஆய்வுகளில் எல்லா உழைப்பையும் ஆண் ஒருவரின் நாளுக்குச் சமமாக மாற்றி எழுதும் வழக்கம் இருந்தது. பெண்ணின் ஒரு நாள் முக்கால் நாள், சில இடங்களில் மூன்றில் இரண்டு, சிறுவர்கள் அரை. அறிவியல் என்ற பெயரில் ஊர் வழக்கத்தையே பின்னமாக்கி அச்சிட்டார்கள். நடவுக்கு ஆண் குனிந்ததைக் காணாத நிலத்தில் நடவு செய்தவளின் நாள் எந்த ஆணுக்கு முக்கால் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. 2006-ல் நூறு நாள் வேலை வந்தது. சட்டப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிலக்காரர்கள் வருத்தப்பட்டதை எல்லாரும் எழுதினார்கள். ஏரியில் மண் வெட்டும்போது ஒரு முழு நாளாக இருப்பவள் தன் வரப்புக்குள் இறங்கியதும் பின்னமாகிவிடுவதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

சொந்த நிலத்துக்கும் சொந்த முதலுக்கும் விலை போட வேண்டுமா என்பது அடுத்த சண்டை. வேண்டாம் என்கிறவர்கள், கையைவிட்டுப் போகாத பணம் எப்படிச் செலவாகும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. இதே அரசு மற்றவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதா என்று பார்க்கலாம். 1977-ல் உர ஆலைகளுக்கு ஒரு விலைத் திட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் ஆலைக்கும் அதனதன் செலவைக் கணக்கிட்டு, உரிமையாளரின் நிகர மதிப்பில் வரி போக 12 சதவீத வருவாயையும் அதிலேயே சேர்த்து, விற்ற விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அரசு கொடுத்தது. யூரியாவுக்கு இது 2003 வரை ஓடியது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனல்மின் நிலையங்களுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும்போது, உரிமையாளர் போட்ட பங்கு முதலுக்கு ஆண்டுக்கு 15.5 சதவீத வருவாயைக் கட்டணத்துக்குள்ளேயே வைத்தது. அங்கே சொந்த முதல் என்பது செலவு. அந்த உரத்தைப் போட்டு, அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓட்டி விளைவித்தவரின் கணக்கில் மட்டும் சொந்தம் என்பது இலவசம்.

ஆனாலும் நில வாடகை விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1817-ல் ரிக்கார்டோ எழுதியது. வாடகை உயர்வதால் தானிய விலை உயர்வதில்லை. தானிய விலை உயர்வதால்தான் வாடகை உயர்கிறது. அப்படியானால் வாடகையைச் செலவில் சேர்த்து, அதன்மேல் ஒன்றரை மடங்கு விலை கொடுத்தால், அடுத்த ஆண்டு அந்த விலையைப் பார்த்து வாடகை ஏறும். ஏறிய வாடகையைச் செலவில் சேர்த்தால் விலை மறுபடி ஏறும். நாய் தன் வாலைத் துரத்துவது போல. இந்த ஓட்டத்தில் ஆதாயம் அடைபவர் நிலம் வைத்திருப்பவர். குத்தகைக்கு எடுத்தவர் அல்ல. விலை ஏறிய செய்தி வந்த மறுநாளே குத்தகை மூட்டையைக் கூட்டிக் கேட்கும் நிலக்காரருக்கு ரிக்கார்டோவைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அரிசியைக் காசு கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளியும் இந்தச் சண்டையில் ஒரு தரப்பு; அவரை இரண்டு பக்கமும் அழைப்பதில்லை.

ஆக, சி2 வேதவாக்கு அல்ல. சங்கங்கள் அதைச் சுவாமிநாதன் பரிந்துரை என்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2004 முதல் 2006 வரை ஐந்து அறிக்கைகள் தந்தது. எடையிட்ட சராசரி உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 சதவீதம் கூடுதலாக ஆதரவு விலை இருக்க வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற வரி. எந்த எழுத்துச் செலவு என்று அந்த வரியில் இல்லை. பின்னால் வந்த பன்னிரண்டு ஆண்டுகளின் அரசியல் முழுக்க அந்த இடைவெளிக்குள் குடியேறியது. சராசரி என்ற சொல்லும் லேசுப்பட்டதல்ல. நெல்லின் செலவு மகாராஷ்டிரத்தில் பஞ்சாபைவிட மிக அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் பிடித்தால், அந்த எண்ணில் உண்மையாக விளைவிக்கும் மாநிலம் எது என்று தேட வேண்டியிருக்கும்.

பரிந்துரை வந்தபோது இருந்த அரசு, சந்தை சிதைந்துவிடும் என்று சொல்லி அதைத் தன் கொள்கையில் சேர்க்கவில்லை. 2014 தேர்தல் அறிக்கையில் செலவுக்கு மேல் 50 சதவீத லாபம் என்று வாக்களித்து வந்த அடுத்த அரசு, 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் சந்தை சிதைந்துவிடும் என்றே பதில் மனு கொடுத்தது. கட்சிகளுக்கிடையில் இவ்வளவு ஒற்றுமை அரிது. 2018-ல் அதே சந்தை ஒன்றரை மடங்கைத் தாங்கிக்கொண்டது. எந்தச் செலவின்மேல் என்பதை மாற்றிக்கொண்டால் போதுமாக இருந்தது.

2024 பிப்ரவரி 9 அன்று சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அவர் மறைந்து ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 13 அன்று, அவர் பெயரைச் சொல்லி அவர் பரிந்துரைத்த விலையைக் கேட்டு டில்லிக்குக் கிளம்பிய பஞ்சாப் விவசாயிகளை ஷம்பு எல்லையில் தடுப்புகள் வைத்து நிறுத்தினார்கள். கண்ணீர்ப் புகைக் குண்டுகளை டிரோன்களிலிருந்து போட்டார்கள். பயிருக்கு மருந்து தெளிக்க டிரோன் வாங்க மானியம் கொடுத்துவந்த காலம் அது. அதே நாளில் டில்லியில் விருதைக் கொண்டாட நடந்த கூட்டத்தில் சுவாமிநாதனின் மகள், விவசாயப் பொருளியலையே தம் துறையாகக் கொண்ட மதுரா சுவாமிநாதன், நமக்குச் சோறு போடுகிறவர்களைக் குற்றவாளிகளைப்போல் நடத்த முடியாது என்று பேசினார். அந்த ஆண்டு நெல்லுக்கு ஏ2 கூட்டல் எஃப்.எல். 1,533, அறிவித்த விலை 2,300. சி2 2,008, சங்கங்கள் கேட்ட விலை 3,012.

தமிழ்நாட்டில் இந்தப் பேரம் சற்று இங்கிதமாக நடக்கிறது. 2021 தேர்தலில் தி.மு.க. நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று வாக்களித்தது. மத்திய விலை ஆண்டுதோறும் ஏறிவர, மாநிலம் மேலே ஊக்கத்தொகை சேர்த்துவந்தது. 2025-26 பருவத்தில் மத்திய விலை 2,369, மாநிலத்தின் 131, ஆக 2,500. ஐந்தாவது ஆண்டில் வாக்குறுதி நிறைவேறியது. அதன் பெரும்பங்கைக் காலமே கட்டிவிட்டது. 2021-ல் 2,500 ரூபாயில் வாங்கக்கூடியதாக இருந்ததை 2025-ல் எவ்வளவு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பது வேறொரு துறை எடுக்கும் கணக்கு.

அந்த 2,500-ம் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை இறக்கி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று மீட்டர் ஒத்துக்கொண்டு, மூட்டை தைத்து, லாரி வந்து எடுத்தால்தான். ஐப்பசி மழையில் சாலையோரம் தார்ப்பாய்க்கு அடியில் முளைவிடும் குவியலுக்கு ஏ1-உம் இல்லை, சி2-உம் இல்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சாந்த குமார் குழு 2015-ல் சொன்னது நினைவுக்கு வரும்: ஆதரவு விலையில் அரசு முகமைகளுக்கு விற்கும் விவசாயிகள் ஏறத்தாழ 6 சதவீதம். தக்காளி, வெங்காயம் போடுகிறவர்களுக்கு ஆதரவு விலையே கிடையாது. கடையில் நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது 33 காசு என்று 2024-ல் ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று கணக்கிட்டது; வெங்காயத்துக்கு 36. மீதிக் காசுகள் லாரி, மண்டி, கமிஷன், அழுகல், கடை வாடகை என்று வழியெல்லாம் இறங்கிக்கொள்கின்றன. அந்த வழியில் நிற்பவர்கள் அனைவரும் தங்கள் சொந்த முதலுக்கு வட்டியைப் போட்டுத்தான் விலை சொல்கிறார்கள். அவர்களிடம் எந்த எழுத்து என்று யாரும் கேட்பதில்லை.

எழுத்துகளின் விளையாட்டு விலையோடு நிற்பதில்லை, வருமானத்தையும் தொடுகிறது. 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான ஆண்டுக்குத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் விவசாயக் குடும்பங்களின் நிலையை மதிப்பிட்டது. ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். செய்தித்தாள்களில் வந்தது இதுதான். வெளியே கொடுத்த செலவை மட்டும் கழித்துக் கிடைத்த எண் இது. விதை, எரு, தீவனம் என்று வீட்டிலிருந்தே எடுத்துப் போட்டவற்றுக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கழித்தால் அதே குடும்பத்தின் அதே மாத வருமானம் 8,337. அறிக்கையில் இரண்டும் உண்டு. எது எங்கே குறைகிறது என்று பார்த்தால் பயிர் வருமானம் 3,798-லிருந்து 3,058 ஆகிறது. கால்நடை வருமானம் 1,582-லிருந்து 441 ஆகிறது. கால்நடை வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வீட்டுப் புல்லிலும் வைக்கோலிலும் வீட்டுத் தவிட்டிலும் நிற்கிறது. அந்தப் புல்லை அறுத்துச் சுமந்துவந்தது பெரும்பாலும் யார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த அட்டவணையில் இரண்டு முறைகளிலும் அசையாமல் நிற்கிற ஒரு வரி உண்டு. கூலியும் சம்பளமும்: 4,063 ரூபாய். எப்படிக் கணக்கிட்டாலும் விவசாயக் குடும்பம் பயிரில் ஈட்டுவதைவிட அதிகம். அதில் ஒரு பகுதி பக்கத்து ஊர் கட்டட வேலை, கொஞ்சம் கம்பெனி வேலை, கொஞ்சம் நூறு நாள் வேலை. இன்னொரு பகுதி அடுத்தவர் வயலில் நட்டதற்கும் களை எடுத்ததற்கும் கதிர் அறுத்ததற்கும் கிடைத்தது. அடுத்தவரின் சாகுபடிக் கணக்கில் அந்தத் தொகை ஏ1-ல், முதல் எழுத்திலேயே, ஒரு ரூபாய் குறையாமல் செலவாக ஏறியிருக்கும்.